வதைக்கூடம்: சொல் விளக்கம்

பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. இறைச்சிக்காக ஆடுமாடுகளை அறுக்கும் இடங்களுக்கென்று அதன்கீழ் 2001ஆம் ஆண்டில் தனி விதிகள் வந்தன. அவ்விதிகளின் பெயரை நாளிதழ்களில் வழங்கும் சொற்களைக் கொண்டே தமிழாக்கினால், ‘பிராணிகள் வதைத் தடுப்பு வதைக்கூட விதிகள்’ என்று வரும். வதையைத் தடுக்கும் சட்டமே வதைக்கென்று ஒரு கூடத்துக்கு உரிமம் தருகிறதா என்று படிப்பவர் சிரித்தால் அவர்மேல் குற்றமில்லை. ஒரே சொல் ஒரே தொடரில் இரண்டு பொருளில் நிற்கிறது.

வதை என்பது ‘வத’ என்னும் வடசொல்லின் வழி வந்தது. அங்கே அதற்குக் கொலை என்பதே பொருள். கம்பராமாயணத்தில் தாடகை வதைப் படலம், கரன் வதைப் படலம், வாலி வதைப் படலம் என்று வருமிடங்களில் எல்லாம் அது கொல்லுதலையே குறிக்கிறது. இராமன் யாரையும் சித்திரவதை செய்ததாக அங்கே யாரும் பொருள் கொள்வதில்லை. பிற்காலத் தமிழில் அச்சொல் மெல்ல நகர்ந்து, கொல்லாமலே துன்புறுத்துவதைக் குறிக்கத் தொடங்கியது. இன்று நாஞ்சில்நாட்டில் ஒருவர் ‘போட்டு வதைக்கான்’ என்று குறைபட்டுக்கொண்டால், அவர் உயிரோடு இருந்துதான் அதைச் சொல்கிறார். சட்டத்தின் பெயரிலுள்ள வதை இந்தப் புதிய பொருளுக்கு உரியது. கூடத்தின் பெயரிலுள்ள வதை கம்பன் காலத்துப் பொருளுக்கு உரியது.

சட்டம் இவ்விரண்டையும் தெளிவாகவே பிரிக்கிறது. அதன் 11ஆம் பிரிவு, விலங்குகளுக்குச் செய்யும் கொடுமைகளை வரிசையாகக் குற்றமாக்கிவிட்டு, மூன்றாம் உட்பிரிவில், மனிதர் உணவுக்காக ஒரு விலங்கைக் கொல்வதும் அதற்கு ஆயத்தம் செய்வதும், தேவையற்ற வலியோ துன்பமோ அதனுடன் சேராதவரை, குற்றமாகாது என்று விலக்களிக்கிறது. அதாவது கொலைக்கு இடமுண்டு; வதைக்கு இடமில்லை. 2001ஆம் ஆண்டு விதிகள் இந்த ஒற்றை வரியின் விரிவுரை என்றே சொல்லலாம். சினையாக உள்ள விலங்கையோ, மூன்று மாதம் நிரம்பாத குட்டியையோ, அத்தகைய குட்டியை உடைய தாயையோ அறுக்கக் கூடாது. அறுக்கத் தகுந்தது என்று கால்நடை மருத்துவர் சான்றளிக்க வேண்டும். அவரும் மணிக்கு 12, நாளொன்றுக்கு 96 என்ற அளவுக்கு மேல் விலங்குகளைப் பார்க்கக் கூடாது, ஏனெனில் அதற்குமேல் பார்ப்பது பார்வையாக இராது, எண்ணிக்கையாகவே இருக்கும். வந்திறங்கிய விலங்குகளுக்கு ஓய்விடம் வேண்டும். ஒரு விலங்கை மற்றொன்றின் கண்முன்னே அறுக்கக் கூடாது. நாளொன்றுக்கு 10 விலங்குகளோ அதற்கு மேலோ அறுக்கப்படும் இடமே இவ்விதிகளின் பொருளில் கூடம் ஆகும்.

இங்கே இன்னொரு சொல்லையும் பார்த்துவிட வேண்டும். கழுத்தில் கத்தி படுமுன் விலங்கை உணர்விழக்கச் செய்யும் முறையை ஸ்டன்னிங் என்கிறார்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2011இல் வந்த ஒழுங்குமுறைகள் இதற்கு மூன்று வழிகளைச் சொல்கின்றன: துப்பாக்கி போன்ற கருவியிலிருந்து இரும்பு முளையொன்று பாய்ந்து நெற்றியில் அடித்துவிட்டுத் திரும்ப உள்ளே போவது ஒன்று, தலையில் மின்சாரம் பாய்ச்சுவது இரண்டு, கரியமில வாயு மூன்று. தமிழில் இதனை ‘மயக்கமடையச் செய்தல்’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. மயக்கம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஆஸ்பத்திரியில் போடும் மயக்க ஊசிதான். ஆனால் நோய்க்குச் சிகிச்சையாக அன்றி, அறுப்பதற்கு முன் எந்த மருந்தையும் வேதிப்பொருளையும் ஹார்மோனையும் விலங்குக்குச் செலுத்தலாகாது என்று அந்த 2001ஆம் ஆண்டு விதிகளே தடுக்கின்றன. ஆக, மொழிபெயர்ப்பை நம்பி ஊசி போடுபவர் சட்டத்தை மீறியவர் ஆவார். ‘உணர்வறுத்தல்’ என்பது இவ்விடத்துக்குப் பொருந்தும் சொல். மதம் விதிக்கும் முறைப்படி கொல்வது இச்சட்டத்தின்கீழ்க் குற்றமாகாது என்று 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28ஆம் பிரிவு தனியே கூறுகிறது என்பதையும் இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

கூடத்துக்குத் திரும்புவோம். வதைக்கு மாற்றாகச் சொற்கள் இல்லாமல் இல்லை. கசாப்பு, அறுப்பவரைக் குறிக்கும் கஸ்ஸாப் என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்து கடையின் பெயராகவே தங்கிவிட்டது. கொலைக்களம் என்றால் கோவலன் நினைவு வந்துவிடும். சிலப்பதிகாரம் அச்சொல்லை மனிதனுக்கென்று எடுத்துக்கொண்டது. இறைச்சிக்கூடம் என்பது நாகரிகமான சொல்தான்; ஆங்கிலத்தின் ஸ்லாட்டர் என்ற சொல்லும் இறைச்சியைக் குறித்த பழைய நார்டிக் சொல்லோடு உறவுடையதே. எனினும், விற்குமிடமும் அறுக்குமிடமும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்று வலியுறுத்த வேண்டிய இடத்தில், இரண்டுக்கும் பொதுவாக ஒலிக்கும் பெயர் உதவாது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பேச்சில் இதற்கான வேர் தயாராகவே இருக்கிறது. கொடை விழாவில் கிடாயை ‘வெட்டுகிறார்கள்’. கடையில் ஆட்டை ‘அறுக்கிறார்கள்’. முன்னது ஓங்கி ஒரே வீச்சில் தலையைத் துண்டிப்பது, பின்னது கழுத்தில் கத்தியை இழுத்து இரத்தத்தை வடியவிடுவது. சட்டநூல்கள் ஒரு பத்தி எழுதி விளக்கும் வேறுபாட்டைப் பேச்சுத்தமிழ் இரண்டு வினைகளில் முடித்துவிடுகிறது. ஆகவே ‘அறுப்புக்கூடம்’ என்று சொல்லிவிடலாமே என்று தோன்றும். ஆனால் தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து வயற்காரருக்கு அறுப்பு என்றால் முதலில் நெல்லறுப்புதான். அறுப்புக்கூடம் என்று பலகை வைத்தால் கதிரடிக்கும் களமோ என்று கேட்பார்.

களியக்காவிளையைத் தாண்டினால் மலையாளத்தில் இவ்விடத்தை ‘அறவுசாலை’ என்கிறார்கள். விளவங்கோட்டுக்காரருக்கும் இது புதிய சொல் அல்ல. உறு என்பதிலிருந்து உறவு பிறந்தது போல, அறு என்பதிலிருந்து அறவு பிறக்கிறது. இதில் தமிழ் இலக்கணத்துக்கு அயலானது எதுவுமில்லை. ஆகையால் ‘அறவுக்கூடம்’ என்பதே சரியான தமிழ்ச்சொல் என்பது என் முடிவு. நெல்லோடு குழப்பமில்லை, வதையின் நிழலும் இல்லை. உணர்வறுத்தல், அறவு என இரு செயல்களும் ஒரே வேரில் அடுத்தடுத்து நிற்கின்றன.

இது மலையாளச் சொல்லாயிற்றே என்று மறுப்பவர்கள் உண்டு. 1956 நவம்பர் 1 வரை நம் நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர் பகுதியோடு சேர்ந்திருந்தமையால், இங்குள்ள தனிச்சொல் எதைக் கேட்டாலும் மலையாளம் என்று ஒதுக்கும் பழக்கம் ஒன்று நம்மிடையே படிந்துவிட்டது. எருமைக்கடாவைப் ‘போத்து’ என்பதையும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் பெற்றம் (மாடு), எருமை, புலி, மரை, புல்வாய் (இரண்டும் மான் வகைகள்) ஆகியவற்றின் ஆணுக்குப் போத்து என்று பெயர் என்பது தொல்காப்பியத்தின் மரபியலில் உள்ளது.