டெல்லி வெயிலைத் தாங்கும் முளைக்கீரை

மே மாதம் பிறந்துவிட்டால் டெல்லியில் பாலக் கட்டு இளைத்துவிடும். இலை சிறுத்து, ஓரம் பழுத்து, விலை மட்டும் ஏறியிருக்கும். அதே தள்ளுவண்டியில் பக்கத்திலேயே சௌலாய் பச்சைப்பசேலென்று குவிந்து கிடக்கும். சௌலாய் வேறொன்றுமில்லை, நம் முளைக்கீரை, தண்டுக்கீரை வகையறாதான். ஆர்.கே.புரத்திலோ மயூர் விஹாரிலோ மொட்டை மாடியில் தொட்டி வைத்திருக்கும் தமிழர்களுக்கு இது பழகிய காட்சி. குளிருக்குப் போட்ட பாலக் ஏப்ரலில் சோர்ந்து படுக்கும், மார்ச்சில் தூவிய முளைக்கீரை அடிக்கிற வெயிலில் மளமளவென்று எழும்பும். இத்தனைக்கும் தாவரவியல் கணக்கில் இரண்டும் ஒரே குடும்பத்துப் பங்காளிகள்.

வித்தியாசம் இலைக்குள்ளே இருக்கிறது. எல்லாப் பச்சை இலைகளிலும் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் வேலையைத் தொடங்கிவைப்பது ரூபிஸ்கோ என்ற நொதி. அதற்கு ஒரு குறை உண்டு. அவசரத்தில் அரிசியோடு கல்லையும் சேர்த்து அள்ளும் கை போல, கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்க வேண்டிய இடத்தில் ஆக்சிஜனையும் பிடித்துவிடும். 25 டிகிரி செல்சியஸில் பாலக், நெல், கோதுமை போன்ற செடிகளில் ஏறக்குறைய நான்கு பிடிக்கு ஒரு பிடி இப்படித் தவறுகிறது. அந்தத் தவறைச் சரிசெய்யச் செடி ஆற்றலைச் செலவழிக்க வேண்டும். ஏற்கெனவே சேர்த்த கார்பனில் கொஞ்சத்தையும் இழக்க வேண்டும். இதற்கு ஒளிச்சுவாசம் என்று பெயர்.

வெயில் ஏற ஏற இந்தத் தவறு கூடும். சூட்டில் ரூபிஸ்கோவின் தேர்ந்தெடுக்கும் திறனே குறைகிறது. செல்லுக்குள் இருக்கும் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு கரைவதும், ஆக்சிஜனை விட வேகமாகக் குறைகிறது. போதாக்குறைக்கு, லூ என்ற அனல்காற்று அடிக்கும்போது செடி தண்ணீரைக் காப்பாற்ற இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். உள்ளே இருக்கும் கொஞ்சநஞ்சக் கார்பன் டை ஆக்சைடும் தீர்ந்துபோகும், ஆக்சிஜன் மட்டும் மிஞ்சும். அந்த நேரத்தில் பாலக் இலை சம்பாதிப்பதில் பெரும்பங்கு இழப்பைச் சரிக்கட்டவே போய்விடுகிறது.

முளைக்கீரை இந்தச் சிக்கலை இரண்டு அறை வைத்துத் தீர்த்திருக்கிறது. இலையின் வெளிப்புறச் செல்களில் ரூபிஸ்கோ கிடையாது என்றே சொல்லலாம். அங்கே பெப் கார்பாக்சிலேஸ் என்ற வேறொரு நொதி காத்திருக்கும். ஆக்சிஜனைப் பிடிக்கும் தவறை அது செய்யவே செய்யாது. அது பிடித்த கார்பன், நான்கு கார்பன் அணுக்கள் கொண்ட ஓர் அமிலமாகிறது. இதனால்தான் இந்த வழிக்கு சி-4 என்று பெயர் வந்தது. அந்தச் சரக்கு, இலை நரம்பைச் சுற்றி வளையமாக நிற்கும் கற்றை உறைச் செல்களுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே கார்பன் டை ஆக்சைடு மறுபடி வெளியே விடப்படும். ரூபிஸ்கோ இருப்பது அந்த உள்ளறையில்தான். அதைச் சுற்றி வெளிக்காற்றில் இருப்பதைப்போலப் பல மடங்கு கார்பன் டை ஆக்சைடு அடர்ந்து நிற்பதால், ஆக்சிஜன் கிட்டே வரவே இடமில்லை. இலைத்துளைகளைப் பாதி மூடினாலும் வேலை நடக்கும். தண்ணீரும் மிச்சம்.

1966-ல் ஆஸ்திரேலியாவில் மார்ஷல் ஹேட்ச், ரோஜர் ஸ்லாக் இருவரும் கரும்பு இலையை ஆராய்ந்து இந்த வழியைப் படிப்படியாக விளக்கினார்கள். கம்பு, கேழ்வரகு, சோளம், மக்காச்சோளம் எல்லாம் சி-4 தாவரங்கள்தான். இந்தப் பட்டியலில் பெரும்பாலும் புல் இனமே இருக்கும். அகன்ற இலை கொண்ட ஒரு கீரை அதில் சேர்ந்திருப்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

இந்த ஏற்பாடு இலவசமல்ல. கார்பனை உள்ளறைக்கு அனுப்பக் கூடுதல் ஆற்றல் வேண்டும். குளிர்ந்த நாட்களில் ரூபிஸ்கோ அதிகம் தவறுவதில்லை என்பதால் அந்தச் செலவு வீண். டெல்லியில் டிசம்பர், ஜனவரியில் பாலக் ஜெயிப்பதற்கும் முளைக்கீரை குட்டையாக நிற்பதற்கும் இது ஒரு காரணம். விதையும் அப்படியே. 25 முதல் 35 டிகிரியில் மூன்று நான்கு நாளில் முளைத்துவிடும். 15 டிகிரிக்குக் கீழே போனால் பெரும்பாலும் சும்மா கிடக்கும். ஆகவே மார்ச் கடைசியிலிருந்து ஜூலை வரை தூவுங்கள். பகல் குறையத் தொடங்கினால் பல வகைகள் பூக்கப் பார்க்கும். ஜூனில் சுமார் 14 மணி நேரம் இருக்கும் டெல்லிப் பகல் டிசம்பரில் பத்தரைக்கும் கீழே வந்துவிடும். செப்டம்பரில் விதைத்தால் இலை பெருக்கும் முன்பே கதிர் எட்டிப் பார்க்கும்.

ஒரு கிராமில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விதைகள் இருக்கும். அவ்வளவு சின்ன விதைக்குள் இருக்கும் உணவு கொஞ்சம்தான். ஆழமாகப் புதைத்தால் வெளிச்சத்தைத் தொடும் முன்பே தீர்ந்துவிடும். உலர்ந்த மணலோடு கலந்து தூவி, மேலே லேசாக மண் சலித்துவிட்டால் போதும். தண்ணீரைத் தெளிக்கத்தான் வேண்டும், ஊற்றினால் விதை ஒரு மூலையில் ஒதுங்கிவிடும். எறும்பு தூக்கிப் போகாமலிருக்கத் தொட்டியைச் சுற்றி அரிசி நொய் போடும் வழக்கம் நல்ல வழக்கம்.

சி-4 என்பதற்காக வேரையும் வெயிலில் விடக் கூடாது. இலை நீராவி விட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும், வேருக்கு அந்த வசதியில்லை. சிமெண்ட் தரையில் நிற்கும் கறுப்புப் பையில் மண் கொதித்துப் போகும். சுற்றிலும் ஈரச் சாக்கு கட்டி, அடியில் இரண்டு செங்கல் வையுங்கள்.

முளைக்கீரையை மூன்று நான்கு வாரத்தில் வேரோடு பிடுங்கலாம். அரைக்கீரையைக் கிள்ளி எடுக்க வேண்டும். நுனி மொட்டு இருக்கும்வரை அதிலிருந்து இறங்கும் ஆக்சின் என்ற ஹார்மோன் பக்க மொட்டுகளை அடக்கி வைக்கும். நுனி போனதும் அவை விழித்துக் கிளைக்கும்.

சரி, அடுப்புக்கு வருவோம். கீரையை மூடிப்போட்டு வேகவைக்காதே என்று வீட்டில் சொல்வார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. பச்சையத்தின் நடுவில் ஒரு மக்னீசியம் அணு உண்டு. வேகும்போது இலையிலிருந்து கசியும் அமிலம் அதை வெளியே தள்ளிவிட்டால் பச்சை மங்கிப் பழுப்பாகும். திறந்து வைத்தால் அமிலத்தில் ஒரு பகுதி ஆவியோடு போய்விடும். புளியைக் கடைசியில் சேர்ப்பதற்கும் இதே காரணம்தான். சிவப்புக் கீரை வடிக்கும் தண்ணீரைச் சிவக்க வைப்பது பீட்டலைன் நிறமி. பீட்ரூட்டிலும் இருப்பது அதுதான், பீட்ரூட்டும் இதே குடும்பம்.

முளைக்கீரையில், சிறுநீரகக் கல்லாகப் படியக்கூடிய ஆக்சலேட் என்ற பொருள் அதிகம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடித்துவிட்டுக் கடைவது நல்லது. மோர்க்கூட்டாகச் செய்தால் தயிரின் கால்சியம் ஆக்சலேட்டைக் குடலிலேயே கட்டிப்போட்டுவிடும், ரத்தத்தில் சேர்வது குறையும்.

யூரியாவை அள்ளிப் போட்டால் இலையில் நைட்ரேட் சேரும். அதைப் புரதமாக்கும் வேலை வெளிச்சத்தில் வேகமாக நடப்பதால், விடிகாலையை விட மாலையில் பறித்த கீரையில் நைட்ரேட் குறைவாக இருக்கும். சமைத்த கீரையை டெல்லிக் கோடையில் மேடையிலேயே விட்டுவைத்தால் பாக்டீரியா அந்த நைட்ரேட்டைத் தீங்கான நைட்ரைட்டாக மாற்றத் தொடங்கும். மீந்ததைச் சூடு ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள், கைக்குழந்தைக்கு மட்டும் அதைக் கொடுக்க வேண்டாம்.