பத்துக் கால் உள்ள எட்டுக்காலியா?

அன்டார்க்டிகா பனிக்கு அடியில் படமெடுத்த ஆவணப்படம் ஒன்றைத் தமிழ்க் குரலில் பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்குமாற்றுக் குச்சிகளை முடிச்சுப் போட்டு உயிர் கொடுத்தது போல ஒரு பிராணி நடந்து வந்தது. குரல் கம்பீரமாகச் சொன்னது: "இந்தக் கடல் எட்டுக்காலிக்குப் பத்துக் கால்கள்." எழுதியவர், வாசித்தவர், ஒலிப்பதிவு செய்தவர், மூவரில் ஒருவருக்காவது இடறியிருக்க வேண்டாமா? இந்தச் சொல்லை இதற்கு முன்பும் பார்த்துப் பொறுத்துக்கொண்டவன்தான். இந்த முறை முடியவில்லை.

ஆங்கிலத்தில் 'சீ ஸ்பைடர்'. அறிவியலில் பிக்னோகோனிடா: கிரேக்கத்தில் 'பிக்னோஸ்' என்றால் நெருக்கமானது, 'கோனி' முழங்கால். பான்டோபோடா என்ற இன்னொரு பெயருக்கு 'எல்லாம் கால்' என்று பொருள். அது மிகையே இல்லை. உடம்பு அவ்வளவு சிறியது; குடல்கூட இடம் போதாமல் கால்களுக்குள் நீண்டு கிடக்கிறது.

தமிழில் கடற்சிலந்தி. அவ்வளவுதான், முடிந்தது. ஆனால் சிலந்தி யாருக்கோ பழசாகத் தெரிகிறது போலிருக்கிறது. சுவரில் ஓடுவதை எட்டுக்காலி என்பதில் எனக்குச் சண்டை இல்லை. நானும் அப்படித்தான் சொல்கிறேன். அதைக் கடலில் இறக்கும்போதுதான் வம்பு. பெரும்பாலான கடற்சிலந்திகளுக்கு எட்டுக் கால்கள் என்பது உண்மை. ஆனால் அன்டார்க்டிகாவைச் சூழ்ந்த தென்கடலில் சில அந்தக் கணக்குக்கு அடங்காது. அங்கே தென் ஷெட்லாந்து தீவுகளில் கிடைத்த டெகொலோபோடா என்ற கடற்சிலந்தியை 1835இல் விவரித்தவர் ஜேம்ஸ் எயிட்ஸ். அதற்குப் பத்துக் கால். (எட்டு என்ற குடும்பப் பெயரோடு பத்துக் காலைக் கண்டுபிடித்த மனிதர்!) 1904இல் பென்டாநிம்ஃபோன், அதற்கும் பத்து. 1933இல் டோடெகொலோபோடா, பன்னிரண்டு. இப்போது எழுதிப் பாருங்கள்: 'பன்னிரண்டுகால் கடல் எட்டுக்காலி'.

சரி, பத்துக்காலி என்று மாற்றலாமே என்பார்கள். அது நண்டு, இறால் வகையறாவின் பெயர். எண்காலி? அதை ஆக்டோபஸுக்குக் கொடுத்தாயிற்று. எண்ணைப் பெயருக்குள் பூட்டினால் இந்தக் கதிதான்.

எண்ணிக்கையை வைத்து இனம் பிரிக்கவும் முடியாது. டெகொலோபோடாவும் எட்டுக் கால் கொலோசென்டைஸும் ஒரே குடும்பம். பத்துக் கால் பென்டாநிம்ஃபோனோ எட்டுக் கால் நிம்ஃபோனின் குடும்பத்தில் இருக்கிறது. தலைப்பக்கம் பார்க்க வேண்டும். உறிஞ்சுகுழாய்க்கு மேலே குட்டிக் கொடுக்குகள் இருந்து, பருத்த உடலும் பத்துக் கால்களும் இருந்தால் டெகொலோபோடா. வளர்ந்த கொலோசென்டைஸுக்கு அந்தக் கொடுக்கு இருக்காது. நீண்ட குழாயும், தடவிப் பார்க்கும் உணர்கால்களும்தான். அந்த உணர்கால்களையும் நடக்கும் கால்களோடு சேர்த்து எண்ணிவிட்டுத் திண்டாடுகிறவர்களும் உண்டு.

தூய்மைவாதி நண்பர் ஒருவர் 'அடர்முழங்காலி' என்றார். கிரேக்கத்தை அப்படியே தமிழில் உரித்துப் போட்டிருக்கிறார். மூட்டுவலித் தைலத்துக்கு வைக்கலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் எந்த உருவமாவது கண்ணில் தெரியுமா? எனக்கும் தூய தமிழ் வேண்டும், ஆனால் தமிழாக இருக்க வேண்டும்.

இது உண்மையான சிலந்தியே இல்லையே என்பது அவருடைய அடுத்த அம்பு. இல்லைதான், வலை பின்னாது, கடற்சாமந்தியையும், ஹைட்ராய்டுகள் என்ற செடிபோன்ற சிறு கடலுயிர்களையும் உறிஞ்சித் தின்னும். ஆனாலும் சிலந்திக்குத் தூரத்துச் சொந்தம். கடற்குதிரைக்குக் குதிரையோடு அந்தச் சொந்தம்கூடக் கிடையாது, யாரும் வழக்குப் போடவில்லை. சங்க நூல்களில் சிலம்பி என்று வரும் உயிரின் இன்றைய பெயர் சிலந்தி. அதில் எண் எதுவும் இல்லை. எத்தனை கால் முளைத்தாலும் உடையாது.

அந்தப் படத்துக்கே வருகிறேன். அடுத்த காட்சியில் ஒரு நிம்ஃபோன், உடம்புக்கு அடியில் இருக்கும் மெல்லிய தனிக் கால்களில் முட்டை உருண்டைகளை மாட்டிக்கொண்டு தள்ளாடியது. "இந்தத் தாயின் பொறுமையைப் பாருங்கள்," என்றது குரல். நிம்ஃபோனில் முட்டை சுமப்பது தகப்பன். ஒலியை நிறுத்திவிட்டு மீதியைப் பார்த்தேன்.