திராட்சைத் தோட்டத்துல எறும்ப மொதல்ல கவனிங்க

தண்டையார்பேட்டை ஹைரோடுல தள்ளுவண்டில பன்னீர் திராட்சை வாங்கறப்ப பக்கத்துல நிக்கற யாராவது ஒருத்தர் கேட்டுடுவாங்க, "அண்ணே இன்னாது இது வெள்ள வெள்ளையா, மருந்தா?" அவரும் சலிச்சுப்போய் "மருந்து இல்லம்மா, பழத்தோட மாவு"ம்பாரு. அவர் சொல்றது சரி. பழம் தன் தோல் மேல தானே உண்டாக்கிக்கற மெழுகு அது, மழத்தண்ணி ஒட்டாம இருக்கவும் உள்ள இருக்கற ஈரம் போய்டாம இருக்கவும். நெஜ மருந்து பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. அந்த மருந்த ஏன் அடிக்கறாங்க, அடிக்கறத எப்டி கொறைக்கறாங்கங்கறதுதான் இங்க விஷயம்.

பன்னீர் திராட்சைக்கு ஊர்னா தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்குதான், 2023ல புவிசார் குறியீடு கூட கெடச்சுது. அங்க வருஷம் பூரா அறுவடை நடக்கும், அதுதான் பெருமை, அதுவே தலவலியும். ஐரோப்பால குளிர்காலத்துல இலையெல்லாம் கொட்டி கொடி தூங்கிடும், பூச்சிக்கும் நோய்க்கும் அப்ப சோறு கெடையாது. கம்பத்துல எப்பவும் ஏதோ ஒரு பந்தல்ல தளிரு இருக்கும், ஏதோ ஒண்ணுல பிஞ்சு இருக்கும், அதனால நோய்க்கு லீவே இல்ல.

இதுல பெரிய வில்லன் அடிச்சாம்பல் நோய். இலைக்கு மேல எண்ண பட்ட மாதிரி மஞ்ச திட்டு, திருப்பிப் பாத்தா அடியில வெள்ளப் பஞ்சு. இந்தக் கிருமியோட விதைங்களுக்கு நீந்தறதுக்கு வால் உண்டு, இலை மேல மெல்லிசா ஒரு படலம் தண்ணி நின்னா போதும், நீந்திப் போய் இலை மூச்சு விடற துளை வழியா உள்ள பூந்துடும். தண்ணி இல்லேன்னா அதால ஒண்ணும் பண்ண முடியாது.

அமெரிக்காலேந்து இது பிரான்ஸுக்கு வந்து சேர்ந்தது 1870கள் கடைசில. 1882ல மில்லார்டேன்னு ஒரு தாவரவியல் பேராசிரியர் போர்டோ பக்கம் நடந்து போறப்ப ரோட்டோரக் கொடில மட்டும் இலை நல்லா இருக்கறத பாக்கறாரு. விசாரிச்சா, போற வர்றவன் பழத்த பறிக்காம இருக்க மயில்துத்தமும் (செம்பு கலந்த நீல உப்பு) சுண்ணாம்பும் கலக்கி நீலமா அடிச்சு வெச்சிருக்காங்க, பாத்தா வெஷம்னு பயப்படட்டும்னு! திருடனுக்கு வெச்ச பூச்சு நோய தடுத்துடுச்சு. 1885ல அவர் அத வெளியிட்டாரு, போர்டோ கலவைன்னு இன்னிக்கும் நம்ம ஊர் தோட்டத்துல அடிக்கறது அதுதான்.

கலக்கறதுல ஒரு நுணுக்கம் இருக்கு. ஒரு பர்சென்ட் கலவைக்கு துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணி 100 லிட்டர், இரும்பு பாத்திரம் ஆகாது, பிளாஸ்டிக் டிரம்தான். கலக்கி முடிச்சதும் துரு இல்லாத அருவா நுனிய உள்ள வெச்சு எடுத்துப் பாப்பாங்க, நுனில செம்பு நெறத்துல படிஞ்சா இன்னும் செம்பு கட்டுப்படாம திரியுதுன்னு அர்த்தம், அப்டியே அடிச்சா இலை கருகிடும், அதனால சுண்ணாம்பு இன்னும் கொஞ்சம் சேர்ப்பாங்க. லேப் இல்லாம நடக்கற கெமிஸ்ட்ரி இது, எனக்கு ரொம்ப புடிக்கும்.

சிக்கல் என்னன்னா செம்பு மக்காது. வருஷா வருஷம் மண்ணுல சேர்ந்துகிட்டே போகும், மண்புழுவுக்கு ஆகாது. ஆர்கானிக் தோட்டத்துக்கும் இத அனுமதிக்கறாங்க, ஆனா ஐரோப்பிய யூனியன்ல ஹெக்டேருக்கு 7 வருஷத்துல 28 கிலோ செம்புக்கு மேல போகக்கூடாதுன்னு வரம்பு. அப்ப மிச்சத்த எத வெச்சு சமாளிக்கறது? காத்த வெச்சு. கொலைய சுத்தி இருக்கற இலைய கிள்ளி விடறது, கவாத்து பண்றப்ப நெருக்கமான கிளைய எடுத்துடறது, இதெல்லாம் இலை சீக்கிரம் காயறதுக்குத்தான்.

உரமும் இங்க வந்து சேருது. நம்ம மணலில இருக்கற மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ்ல தயாராகற யூரியான்னாலும் சரி, காசிமேட்டு மீன் கழிவுல வெல்லம் போட்டு ஊறவெச்ச மீன் அமிலம்னாலும் சரி, தழைச்சத்து ஓவரா போனா கொடி இலையா தள்ளும், பந்தல் அடியில இருட்டாகும், ஈரம் காயாது, மறுபடி துத்தம் அடிக்கணும். அதனாலதான் வரிசைக்கு நடுவுல தட்டப்பயிறு, சணப்பு மாதிரி வெதச்சு பூக்கற நேரத்துல மண்ணோட மடக்கி உழுது விடறாங்க, வேர் முடிச்சுல சேர்ந்த சத்து மெதுவா இறங்கும், மண்ணு வெயில்ல வேகாது.

இப்ப எறும்பு. மாவுப்பூச்சி கொடியோட சாற உறிஞ்சி இனிப்பா ஒரு கழிவ விடும், அது பழத்துல பட்டு கருப்பா பூஞ்சை புடிக்கும், கொல பூரா வீண். எறும்புக்கு அந்த இனிப்பு வேணும், அதனால மாடு மேய்க்கற மாதிரி மாவுப்பூச்சிய மேய்ச்சுகிட்டு அத திங்க வர்ற வண்ட வெரட்டி விடும். மருந்தடிச்சா? மாவுப்பூச்சி பட்டைக்கு அடியில ஒளிஞ்சிருக்கு, மேல மெழுகு வேற, பாதி தப்பிச்சுடும், வெளிய சுத்தற வண்டுதான் மொத்தமா சாவும். அடுத்த மாசம் பாத்தா மொதல்ல இருந்தத விட ஜாஸ்தி.

அந்த வண்டு கிரிப்டோலேமஸ்னு ஒரு பொறிவண்டு, ஆஸ்திரேலியாலேந்து 1898லயே இந்தியாவுக்கு கொண்டு வந்தது. கொடிக்கு பத்து வண்டு விடச் சொல்லி சிபாரிசு இருக்கு. கூத்து என்னன்னா அதோட புழு அச்சு அசலா மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளையா இழை இழையா இருக்கும், தெரியாதவங்க நசுக்கிப் போட்டுடுவாங்க. சைஸ் பெருசா, விறுவிறுன்னு ஓடுதா, அப்ப அது நம்ம ஆளு.

வண்ட விடறதுக்கு முன்னாடி பழைய பட்டைய உரிச்சு எரிச்சுடணும், எறும்ப தடுக்கணும். பெரம்பூர்ல எங்க சித்தி மொட்ட மாடில ஒரு பன்னீர் கொடி வெச்சிருக்காங்க, அதுல தண்டுல டேப் சுத்தி டேப் மேல மட்டும் கிரீஸ் தடவினாங்க (பட்டை மேலயே தடவினா தண்டு கெட்டுடும்). ரெண்டு நாள் எறும்பு கீழயே முட்டிகிட்டு நின்னுச்சு, அப்பறம் பாத்தா துணி காயப்போடற கம்பி வழியா லைனா வருது. பந்தல தொடற ஒவ்வொரு கம்பி, ஒவ்வொரு கால், சுவத்துல சாஞ்ச கிளை எல்லாத்தையும் பாக்கணும், ஒண்ணு விட்டாலும் அது போதும் அதுக்கு. கம்பிக்கும் கிரீஸ் போட்டாச்சு, சித்தப்பா வெள்ள சட்டைல கறையோட ஆபீஸ் போய்ட்டு வந்து திட்டுனதும் நடந்துச்சு, இப்ப கம்பிய எதிர் செவுத்துக்கு மாத்திட்டாங்க.