வெல்டிங்குக்குப் பக்கத்தில் அலுமினியம் ஏன் முறிகிறது?

6061-டி6 ரக அலுமினியத் தகடுகள் இரண்டை ஒரு குறையும் இல்லாமல் வெல்டிங் செய்து, இழுத்துச் சோதித்தால், பெரும்பாலும் முறிவது வெல்டிங் போட்ட கோடு அல்ல. அதிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி, உருகவே உருகாத இடத்தில் முறியும். அந்த இடம் பார்வைக்கு மற்ற இடத்தைப் போலவேதான் இருக்கும். ஆனால் சுமார் 310 மெகாபாஸ்கல் (இழுவிசையைத் தாங்கும் பலத்தின் அலகு) தாங்கிய தகட்டை, வெல்டிங்குக்குப் பிறகு 165 தாங்கும் என்ற அளவில்தான் அமெரிக்க வடிவமைப்பு விதிகள் கணக்கில் எடுக்கின்றன. கிட்டத்தட்ட பாதி பலம் போய்விடுகிறது!

ஏன் என்று புரிய, அந்தப் பலம் முதலில் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 6061-இல் அலுமினியத்தோடு மக்னீசியமும் சிலிக்கானும் கொஞ்சம் கலந்திருக்கும். சுமார் 530 டிகிரி செல்சியஸில் இவை திட அலுமினியத்துக்குள்ளேயே கரைந்துவிடும். உடனே தண்ணீரில் முக்கினால், பிரிந்து வர நேரம் கிடைக்காமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். இப்போது உலோகம் மென்மையாகத்தான் இருக்கும். எஃகைத் தண்ணீரில் முக்கினால் நடப்பதற்கு நேர் எதிர். அப்புறம் 160 முதல் 175 டிகிரி வரையிலான உலையில் பல மணி நேரம் வைக்கும்போது, சிக்கிய அணுக்கள் மெல்ல ஒன்றுகூடி, நானோமீட்டர் அளவு ஊசிகளாக எங்கும் நிறைகின்றன. உலோகம் வளைவது என்றாலே அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதுதான். அந்த வழுக்கலை இந்த ஊசிகள் அடிக்கடி தடுக்கின்றன. பலம் என்பது அந்தத் தடைதான்.

ஜெர்மனியில் ஆல்ஃபிரட் வில்ம் 1906-இல், சூடாக்கிக் குளிர்வித்த அலுமினியக் கலவை சில நாட்களில் தானாகவே கடினமாவதைக் கண்டார். அன்றைய நுண்ணோக்கியில் எந்த மாற்றமும் தெரியவில்லை. 1938-இல் கினியே, பிரஸ்டன் என்ற இரு விஞ்ஞானிகள் தனித்தனியாக எக்ஸ் கதிர் கொண்டு ஆராய்ந்த பிறகுதான், அணுக்கள் திரளும் அந்தச் சின்னஞ்சிறு இடங்கள் பிடிபட்டன. இவ்வளவு பெரிய விளைவுக்கு இவ்வளவு சிறிய காரணம் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

சரி, இனி வெல்டிங். உருகிய கோட்டை ஒட்டிய இடம் 500 டிகிரியைத் தாண்டுகிறது. ஊசிகள் மறுபடி கரைகின்றன. ஆறிய பிறகு பலம் ஓரளவு திரும்பி வரும். இன்னும் கொஞ்சம் தள்ளி, 250 முதல் 400 டிகிரி வரை சூடாகும் பகுதிதான் மோசம். அங்கே ஊசிகள் கரைவதில்லை, ஒன்றை ஒன்று விழுங்கிப் பருக்கின்றன. சாலை முழுக்கச் சிதறிய சரளைக் கல்லைச் சில குவியல்களாக ஒதுக்கிவிட்டால் வண்டி தாராளமாகப் போய்விடும் அல்லவா, அதே கதைதான். வழுக்கும் அடுக்குகளுக்கு இடைவெளி கிடைத்துவிடுகிறது. இந்தப் பகுதியை வெறுமனே மிதமான சூட்டில் வைத்து மீட்க முடியாது. மறுபடி 530 டிகிரிக்குக் கொண்டுபோய் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பெரிய சட்டகத்துக்கு அது நடக்கிற காரியமில்லை. அதனால் வெல்டிங்கின் இரு புறமும் சுமார் 25 மில்லிமீட்டரைப் பலம் குறைந்த பகுதியாக எடுத்துக்கொண்டு, சுமை குறைவாக வரும் இடத்தில் இணைப்பை வைப்பதே நல்ல வடிவமைப்பு.

எல்லா அலுமினியமும் இப்படி இல்லை. கப்பல் கட்டுவதில் பயன்படும் 5083 பலத்துக்கு ஊசிகளை நம்புவதில்லை; கரைந்த நிலையிலேயே இருக்கும் மக்னீசியம் போதும். அதனால் வெல்டிங் சூடு அதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. துத்தநாகம் சேர்ந்த 7020 இன்னும் சுவாரசியம்: வெல்டிங் முடிந்து சில வாரங்கள் சும்மா வைத்திருந்தாலே இழந்ததில் பெரும்பகுதி திரும்பிவிடும். ஆனால் செம்பும் சேர்ந்த 7075-ஐ உருக்கி இணைத்தால், உறையும்போதே விரிசல் விடும். 1991-இல் இங்கிலாந்தில் கண்டுபிடித்த உராய்வுக் கலக்கல் வெல்டிங், உலோகத்தை உருக்காமல் பிசைந்தே இணைப்பதால் இந்தச் சிக்கலைத் தாண்டியது.

துத்தநாகத்தை முக்கிய உலோகமாகக் கொண்ட கலவைகளின் நிலைமை வேறு. அறை வெப்பநிலையையும் உருகுநிலைகளையும் தனிச் சுழியிலிருந்து (மைனஸ் 273 டிகிரி செல்சியஸ்) அளந்தால், அது இரும்பின் உருகுநிலையில் ஆறில் ஒரு பங்கு, அலுமினியத்துக்கு மூன்றில் ஒரு பங்கு, துத்தநாகத்துக்கோ 40 சதவீதத்துக்கும் மேல். சாதாரண அறையே துத்தநாகத்துக்குக் கணிசமான சூடு! 4 சதவீதம் அலுமினியம் கொண்ட ஜாமக் 3 என்ற துத்தநாகக் கலவையின் வார்ப்பு, அச்சிலிருந்து வெளியே வந்த பிறகும் உள்ளுக்குள் மாறிக்கொண்டே இருக்கும். கரைந்திருந்த அலுமினியம் மெல்லப் பிரிந்து, வார்ப்பு சிறிதளவு சுருங்கும், பலமும் குறையும். அளவு துல்லியமாக வேண்டிய பாகங்களை 100 டிகிரியில் 3 முதல் 6 மணி நேரம் வைத்து, அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே முடித்துவிடுவார்கள். பலத்தைக் கூட்ட அல்ல, அளவு மாறாமல் நிற்க.

இதை வெல்டிங் செய்வதோ பெரும்பாடு. இந்த வார்ப்பு 385 டிகிரி அருகிலேயே உருகும். துத்தநாகம் 907 டிகிரியில் ஆவியாகிவிடும். வெல்டிங்கின் மின்வில்லான ஆர்க்கின் சூடோ பல ஆயிரம் டிகிரி. வெள்ளைப் புகை கிளம்பி, துளைகள் விழும். அந்தப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வரும். ஈயமும் வெள்ளீயமும் கலந்த சாதாரண சால்டரைப் பயன்படுத்தலாமே என்றால், அதிலும் ஆபத்து: துத்தநாகத்துக்குள் புகுந்த சிறு அளவு ஈயமும் வெள்ளீயமும்கூடப் படிகங்களின் எல்லையில் படிந்து, ஈரப்பதத்தில் அரிப்பைத் தொடங்கி வைக்கும், வார்ப்பு வீங்கிப் பொடியும். ஜாமக்கை 99.99 சதவீதம் தூய துத்தநாகத்திலிருந்து செய்வதற்குக் காரணமே இதுதான். உடைந்த பாகத்துக்கு எபாக்சி பசையோ போல்ட்டோ போதுமென்றால், வெல்டிங் டார்ச்சைத் தொடவே வேண்டாம்.