ஆறப்போகிற காலுக்கு ஊன்றுகோல்: எந்தத் திட்டத்தில் கேட்பது?

முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, பிளேட்டோ கம்பியோ வைத்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் பெரும்பாலும் சொல்வது ஒரே வரிதான்: “ஆறு வாரம் காலைக் கீழே ஊன்றாதீங்க.” ஊன்றாமல் எப்படிக் கழிப்பறைக்குப் போவது என்பது வீட்டார் பாடு. மெடிக்கல் கடையில் கட்டையோ வாக்கரோ வாங்குவதற்கு முன், அரசுத் திட்டத்தில் கிடைக்குமா என்று விசாரிப்பதில் தப்பில்லை. பலருக்குக் கிடைக்கும். ஆனால் முதலில் தோன்றுகிற இடத்தில் அல்ல.

முதலில் தோன்றுவது மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். அங்கே நடைமுறையில் இருக்கும் மத்திய அரசின் ‘அடிப்’ திட்டம் 1981 முதல் இருக்கிறது. கான்பூரில் உள்ள பொதுத்துறை நிறுவனமான அலிம்கோ தயாரிக்கும் ஊன்றுகோல், சக்கர நாற்காலி போன்றவை இதில் வழங்கப்படுகின்றன. மாத வருமானம் 22,500 ரூபாய் வரை இருந்தால் முழு இலவசம். 30,000 வரை பாதி விலை. ஆனால் 40 சதவீத ஊனச் சான்று வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மாற்றுத்திறனாளி என்று கணக்கில் எடுப்பது நீண்டகாலக் குறைபாடு உள்ளவரைத்தான். நாலைந்து மாதத்தில் கூடிவிடும் கணுக்கால் எலும்பு அதற்குள் வராது. அதனால் அங்கிருப்பவர் திருப்பி அனுப்பினால் அவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா? அப்படியானால் கதையே வேறு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இதில் வருவார்கள். தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம். இதில் ஊன்றுகோல், காலிப்பர் (காலைத் தாங்கும் பட்டைச் சட்டம்), சக்கர நாற்காலி எல்லாம் மருத்துவப் பயனின் பகுதி. காப்பீடு பெற்றவருக்கு மாத்திரை தருவதுபோல இதுவும் சிகிச்சைதான். ஊனச் சான்று வேண்டாம். சிகிச்சை பார்க்கும் டாக்டர் எழுதித் தர வேண்டும். டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்தபின் ஒற்றைக் காலோடு மறுபடி வரிசையில் நிற்பது பெரும்பாடு.

வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு இ.எஸ்.ஐ. தரும் பணத்தைப் பொறுத்தவரை, விபத்து எங்கே நடந்தது என்பதே முக்கியம். வேலையில் அடிபட்டால் தற்காலிக இயலாமைக்காக ஊதியத்தில் 90 சதவீதம், வேலைக்குத் திரும்பத் தகுதி வரும்வரை கிடைக்கும். இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதற்கு இல்லை. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. வெளியில் அடிபட்டால் அது சாதாரண நோய்ப்பயன்: 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள், அதற்குரிய ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். ஒரு நாள் ஊதியம் 600 ரூபாய் என்றால் முதலாவதில் 540, இரண்டாவதில் 420. மூன்று மாதத்தில் பத்தாயிரத்துக்கு மேல் வித்தியாசம்.

வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ பைக்கில் விழுந்தால்? வேலைக்கும் விபத்துக்கும் உள்ள தொடர்பு நிறுவப்பட்டால், 2010 திருத்தத்திலிருந்து அதுவும் வேலைக் காயம்தான். இதைப் பல கம்பெனிகள் தாமாகச் சொல்வதில்லை. விபத்து அறிக்கையை உடனே அனுப்பச் சொல்லுங்கள், நகலைக் கேட்டு வாங்குங்கள். நேரமும் வழியும் அதில் சரியாக இருக்கட்டும்.

கெண்டைக்கால் எலும்பு சில பேருக்குச் சீக்கிரம் கூடாது. அப்படித் தாமதமாகக் கூடுவதும், கூடாமலே போவதும் நீட்டிக்கப்பட்ட நோய்ப்பயன் பட்டியலில் இருக்கின்றன. இரண்டு வருடத் தொடர் வேலையும் அதில் 156 நாள் சந்தாவும் இருந்தால், 91 நாளுக்குப் பிறகும் 80 சதவீதம் கிடைக்கும்.

சரி, கட்டை கைக்கு வந்துவிட்டது. திட்டங்கள் பெரும்பாலும் பொருளைத் தருவதோடு நிறுத்திக்கொள்கின்றன, ஆளுக்கு ஏற்ப அளவு வைப்பதை விட்டுவிடுகின்றன என்பது என் வருத்தம். அக்குள் கட்டையின் மேல்முனை அக்குளைத் தொடக்கூடாது. இரண்டு மூன்று விரல் நுழையும் இடைவெளி வேண்டும். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு இருக்கும் உயரத்தில் கைப்பிடி வர வேண்டும், பிடிக்கும்போது முழங்கை லேசாக மடிந்திருக்க வேண்டும். எடை முழுக்க உள்ளங்கையில்தான். அக்குளில் தொங்கியபடி நடந்தால் அங்கே ஓடும் நரம்பு நசுங்கி, மணிக்கட்டைத் தூக்க முடியாமல் போகலாம். கால் ஆறுவதற்குள் கை கெட்டுப்போகும். பக்கவாட்டுத் துளைகளில் அளவை மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது. பிசியோதெரபிஸ்ட் முன்னால் நாலடி நடந்து காட்டிவிட்டுக் கிளம்புங்கள். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கட்டையும் அடிபட்ட காலும் முதலில். அடியில் உள்ள ரப்பர் தேய்ந்திருந்தால் ஈரமான குளியலறையில் வழுக்கும், உடனே மாற்றுங்கள். அப்புறம், இரண்டு கையும் கட்டையில் இருப்பதால் ஒரு டம்ளர் தண்ணீரைக்கூடத் தூக்கிவர முடியாது. தோளில் மாட்டும் ஒரு துணிப்பை இருந்தால் மூடியுள்ள பாட்டிலைப் போட்டுக்கொள்ளலாம்.

இ.எஸ்.ஐ. இல்லாத முதியவர்களுக்கு ஒரு வழி உண்டு. 2017இல் வந்த ராஷ்ட்ரீய வயோஸ்ரீ திட்டத்தில், 60 வயது தாண்டிய, வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள அல்லது மாத வருமானம் 15,000 ரூபாய்க்கு மிகாதவர்களுக்கு, முதுமையால் வரும் தளர்ச்சிக்காகக் கைத்தடி, வாக்கர், ஊன்றுகோல் போன்றவை இலவசம். முகாம் நடக்கும்போதுதான் கிடைக்கும் என்பதால், நேற்று விழுந்தவருக்கு உடனே உதவாது. சாலை விபத்துக்கான மத்திய அரசின் 2025 கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டமும் ஒன்றரை லட்சம் ரூபாய் வரை, ஏழு நாளுக்கு மட்டுமே. அறுவைச் சிகிச்சைக்கு அது பெரிய கை கொடுக்கும். நடக்கத் தொடங்கும் நேரத்தில் முடிந்திருக்கும்.

சிகிச்சை முடிந்தும் கால் பழையபடி வரவில்லை என்றால், வேலைக் காயமாக இருந்தால் இ.எஸ்.ஐ. மருத்துவக் குழுவிடம் நிரந்தர இயலாமையை மதிப்பிடச் சொல்லிக் கேட்கலாம். அந்த நிலையில்தான் அரசு மருத்துவமனையில் ஊனச் சான்றுக்கும் விண்ணப்பித்து, 40 சதவீதம் வந்தால் அடிப் திட்டத்துக்குப் போக வேண்டும்.