கொஸ்மார்: கொடுங்கனவா, அமுக்குவானா?

மொரிசியஸ் தமிழ்க் குடும்பங்களின் வீட்டுமொழி பெரும்பாலும் பிரெஞ்சு அடியாகப் பிறந்த கிரியோல் என்பதால், பள்ளியில் தமிழ் பயிலும் பிள்ளைகள் இரவில் அஞ்சி விழித்ததை எழுத நேரும்போது ‘கொஸ்மார்’ என்ற சொல்லே அவர்கள் நாவில் முதலில் வருகிறது. தமிழில் சொல்லச் சொன்னால் ‘கெட்ட கனவு செய்தேன்’ என்று எழுதிவிடுவதும் உண்டு. கனவைச் ‘செய்வது’ பிரெஞ்சு மரபு. தமிழில் கனவு காண்கிறோம். வினை திருந்தினாலும், கொஸ்மாருக்கு நேரான பெயர் எது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது.

கிரியோலின் கொஸ்மார், பிரெஞ்சின் ‘கோஷ்மார்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அதன் முற்பகுதி, மிதித்தல், அழுத்துதல் எனப் பொருள்படும் பழைய பிரெஞ்சு வினை. அதற்கு மூலம் லத்தீனின் ‘கல்காரே’. பிற்பகுதி, இரவில் வரும் பேயைக் குறித்த பழைய டச்சுச் சொல். ஆங்கிலத்தின் ‘நைட்மேர்’ என்பதில் ஒளிந்திருப்பதும் அதே பேய்தான். அதைப் பெண்குதிரை என்று எண்ணுவது ஒலியொப்புமையால் வந்த மயக்கம். எனவே இச்சொற்கள் தொடக்கத்தில் சுட்டியது கனவையன்று, உறங்குபவரின் மார்பின்மேல் ஏறி மூச்சு முட்ட வைப்பதாகக் கருதப்பட்ட ஒன்றை.

இந்தப் பழம்பொருளுக்குத் தமிழ்நாட்டு வழக்கில் அப்படியே பொருந்தும் பெயர் ‘அமுக்குவான் பேய்’. அதன் அடிப்படை வெறும் கற்பனை அன்று. இமைகள் மூடியிருக்க விழிகள் விரைந்து அசையும் உறக்கநிலையை உறக்க ஆய்வாளர்களான அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் 1953இல் விவரித்தனர்; தெளிவான கனவுகள் மிகுதியாக எழும் அந்நிலையில், கனவுக்கேற்ப உடல் துள்ளி எழாதபடி மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. நினைவு முந்தி விழித்து, தளர்ச்சி நீங்கச் சற்றுப் பிந்தினால், கண் திறந்திருந்தும் கைகால் அசையாது, நெஞ்சில் பாரம் தோன்றும், அறையில் யாரோ நிற்பதுபோலவும் இருக்கும். சில நொடிகளிலோ சில நிமிடங்களிலோ அது தானே விலகிவிடும். இதற்கு ‘உறக்க முடக்கம்’ என்பது கலைச்சொல்லாகத் தகும். உறக்கம் குறைந்தவர்களுக்கும், மல்லாந்து படுப்பவர்களுக்கும் இது எளிதில் நேர்கிறது.

கற்றோர் வழக்கில் ‘தீக்கனா’ என்றொரு சொல் உண்டு. சிலப்பதிகாரத்தில் கண்ணகியும் கோப்பெருந்தேவியும் கண்டவை அத்தகையன. ஆனால் அச்சொல்லின் கண் வருங்காலத்தின்மேல் இருக்கிறது: அது தீமையை முன்னறிவிக்கும் கனவு, கண்டவர் அஞ்சி விழித்தாரா என்பது அங்கே பெரிதன்று. ஆகவே உளவியல் பேசுமிடத்தில் தீக்கனாவை ஆளுவது பொருந்தாது என்பது என் எண்ணம். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்ற நம்பிக்கையும் இதனோடு ஒட்டியதே. சுமார் 90 நிமிடங்களுக்கொருமுறை திரும்பும் விழியசைவு உறக்கம் இரவின் பிற்பகுதியில் நீள்வதால், விடியும் வேளைக் கனவுகள் நீண்டு, விழித்தபின் நினைவிலும் தங்குகின்றன. அவற்றுக்குத் தனி மதிப்பு ஏற்பட்டதில் வியப்பில்லை.

அச்சத்தால் எழுப்பிவிட்டு, கண்ட காட்சியைத் தெளிவாக நினைவில் விட்டுச்செல்லும் கனவுக்குக் ‘கொடுங்கனவு’ என்பதே ஏற்றது. ‘கெட்ட கனவு’ பேச்சுக்குப் போதும். ஆனால் உறக்கத்தைக் கலைக்காத கசப்பான கனவையும் அது உள்ளடக்கிவிடும். உறங்கிய முதல் சில மணிநேரத்தில் குழந்தை அலறி எழுந்து, காலையில் எதுவும் நினைவில்லை என்றால், அது கொடுங்கனவும் அன்று; ஆழ்ந்த உறக்கத்தில் நிகழும் அதனை ‘இரவுத் திகில்’ எனலாம்.

பெயரைப் பிரித்தறிவதால் பயன் உண்டு. திரும்பத் திரும்ப வரும் கொடுங்கனவுக்கு, அதன் போக்கைப் பகலில் தாம் விரும்பியவாறு மாற்றி எழுதி, மாற்றிய வடிவை நாள்தோறும் மனத்தில் ஓட்டிப் பார்க்கும் பயிற்சியை உளவியலாளர் பரிந்துரைக்கின்றனர். நினைவிலேயே நில்லாத இரவுத் திகிலில் மாற்றி எழுத ஏதுமில்லை. குழந்தையை உலுக்கி எழுப்பாமல், அடிபடாதவாறு அருகிருந்து பார்த்துக்கொள்வதே அங்கே செய்யத்தக்கது.