மிகைத்துடிப்பு: ‘ஓவர்கிளாக்கிங்’ என்னும் சொல்லும் அதன் தமிழும்

கணினியின் மையச் செயலியை, அதன் உற்பத்தியாளர் உறுதியளித்த வேகத்தையும் தாண்டி இயங்கச் செய்வதற்கு ‘ஓவர்கிளாக்கிங்’ என்று பெயர். இச்சொல்லைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘மிகைக்கடிகாரம்’ என்றோ ‘கடிகார மிகைப்பு’ என்றோ வரும். அவற்றைப் படிக்கும் தமிழருக்குச் சுவரில் மாட்டிய கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடுவதாகத்தான் தோன்றுமே ஒழிய, பெட்டிக்குள் இருக்கும் சில்லு நினைவுக்கு வராது. ‘அதிவேகமாக்கல்’ என்பதோ கணினிக்கும் பொருந்தும், நெடுஞ்சாலையில் ஓடும் பேருந்துக்கும் பொருந்தும். சரியான சொல்லைத் தேடுமுன் மூலச்சொல்லின் இரண்டு உறுப்புகளையும் தனித்தனியே பார்ப்பது நல்லது.

முதலில் ‘கிளாக்’. இடைக்கால இலத்தீனில் ‘கிளோக்கா’ என்றால் மணி, அதாவது அடித்தால் ஒலிக்கும் மணி. கோபுரத்தில் நேரத்துக்கு நேரம் மணியடித்த இயந்திரத்துக்கு அந்தப் பெயர் ஏறி, பிறகு முள் சுற்றும் முகப்புக்கும் அதுவே நிலைத்தது. தமிழும் ஏறத்தாழ இதே வழியில்தான் நடந்திருக்கிறது: ஒலிக்கும் மணியும் ‘எத்தனை மணி?’ என்று கேட்கும் மணியும் நமக்கு ஒரே சொல். இலங்கைத் தமிழர் கிளாக்கை இன்றும் ‘மணிக்கூடு’ என்றே சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் வழங்கும் ‘கடிகாரம்’ வேறொரு பொருளிலிருந்து வந்தது. சிறு குடத்தைக் குறிக்கும் ‘கடிகா’ என்ற வடசொல், நீர்க் கலத்தைக் கொண்டு நேரம் அளந்த வழக்கத்தால் 24 நிமிடம் கொண்ட நாழிகைக்குப் பெயராகி, பின்னர் நேரங்காட்டும் கருவிக்கும் ஆனது. முல்லைப்பாட்டில் பொழுதை அளந்து அரசனுக்கு அறிவிப்போர் கையாளும் ‘குறுநீர்க் கன்னல்’ அப்படிப்பட்ட நீர்க்கலமே. மணியானாலும் குடமானாலும் இவை எல்லாவற்றுக்கும் வேலை ஒன்றுதான்: இப்போது பொழுது என்ன என்று சொல்வது.

செயலிக்குள் இருக்கும் ‘கிளாக்’ அந்த வேலையைச் செய்வதில்லை. அது சீராக ஏறி இறங்கும் ஒரு மின் அலை. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் சில்லுக்குள் இருக்கும் சுற்றுகள் அனைத்தும் ஒன்றாக ஓர் அடி எடுத்துவைக்கும். மிருதங்கக்காரரைப் பார்த்துப் பாடகர் நேரம் தெரிந்துகொள்வதில்லை, தாளத்தை மட்டும்தான் பிடித்துக்கொள்கிறார் என்பதைப் போன்றது இது. நேரம் காட்டுவதற்கென்று, செயலியைப் பொருத்தியிருக்கும் தாய்ப்பலகையில் (மதர்போர்டு) வேறொரு குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. அது நொடிக்கு 32,768 முறை அதிரும். செயலிக்கான அலையோ 100 மெகாஹெர்ட்ஸ் என்ற அடிப்படையில் தொடங்கி, சில்லுக்குள் 30 மடங்கு, 40 மடங்கு என்று பெருக்கப்படுகிறது. ஓவர்கிளாக்கிங்கில் நாம் கைவைப்பது இந்த இரண்டாவதில். முதலாவது தன்பாட்டுக்கு நேரத்தைச் சரியாகக் காட்டிக்கொண்டிருக்கும்.

இதற்கு ஒரே ஒரு வேடிக்கையான விலக்கு உண்டு. விண்டோஸ் 8 இயங்குதளத்தில், கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே அடிப்படை அலைவெண்ணை மாற்றினால் சில கணினிகளில் நேரக் கணக்கும் சேர்ந்து பிசகியது. கணினியின் நொடியே நீண்டுவிட்டால் வேகச் சோதனையில் கிடைக்கும் மதிப்பெண்ணுக்குப் பொருள் இல்லை. அதனால் ஓவர்கிளாக்கிங் சாதனைகளைப் பதிவுசெய்யும் எச்டபிள்யூபாட் அமைப்பு 2013 ஆகஸ்டில் விண்டோஸ் 8 முடிவுகளை ஏற்க மறுத்தது. ‘மிகைக்கடிகாரம்’ என்ற பெயர் சொல்லளவில் பொருந்திய இடம் அது ஒன்றே என்பேன். மற்ற எல்லா இடங்களிலும் ‘கிளாக்’ என்பதற்கு நேர்ச்சொல் ‘துடிப்பு’.

அடுத்தது ‘ஓவர்’. என் பார்வையில் இச்சொல்லின் உயிர் இங்கேதான் இருக்கிறது, பெயர்ப்புகள் தவறவிடுவதும் இதைத்தான். வேகம் கூடுவதெல்லாம் ஓவர்கிளாக்கிங் ஆகாது. இன்றைய செயலிகள் வேலை வந்தால் தாமாகவே துடிப்பை ஏற்றிக்கொள்கின்றன. அது உற்பத்தியாளர் வகுத்த எல்லைக்குள் நடப்பதால் ‘பூஸ்ட்’ என்றும் ‘டர்போ’ என்றும் வேறு பெயர் பெறுகிறது. எல்லை தாண்டினால்தான் ‘ஓவர்’. அந்த எல்லை இயற்கை விதித்ததும் அன்று. ஒரே வார்ப்பில் வந்த சில்லுகளில் சில நன்றாகவும் சில சுமாராகவும் அமையும். எல்லாவற்றுக்கும் பொதுவாக உறுதியளிக்கத்தக்க ஒரு வேகத்தை உற்பத்தியாளர் அச்சிடுகிறார். நல்ல சில்லில் மிச்சமிருக்கும் தெம்பை வாங்கியவர் தாமே எடுத்துக்கொள்கிறார்.

1998இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. அதன் பெருக்கெண் 4.5 என்று பூட்டப்பட்டிருந்தது. பலகையின் துடிப்பு 66 மெகாஹெர்ட்ஸ். பூட்டிய எண்ணைத் தொடாமல் பலகையின் துடிப்பை 100 ஆக்கியதும் 300 மெகாஹெர்ட்ஸ் செயலி 450இல் ஓடியது. பலருக்கும் எந்தச் சிக்கலும் இல்லாமல் ஓடியதால்தான் அது கதையாக நிலைத்தது. ஓரிரு ஆண்டுகள் கழித்து, இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டி வெளியிட்ட அத்லான், டுரான் செயலிகளில், மேற்பரப்பில் அறுத்து விட்டிருந்த நுண்ணிய இணைப்புகளைப் பென்சிலால் தேய்த்து, அந்தக் கரியின் வழியே மின்சாரம் பாயவைத்துப் பூட்டைத் திறந்தவர்களும் உண்டு.

பழகியவர்கள் வாய்ப்பேச்சில் இதை ‘ஓசி’ என்று சுருக்கிவிடுகிறார்கள். ‘ப்ராசஸரை ஓசி பண்ணியிருக்கேன்’ என்று ஒருவர் சொல்ல, ‘எவ்வளவுக்கு வாங்கினே?’ என்று கேட்டவருக்கு ஓசியில் கிடைத்ததாகப் பொருள் படுவது தமிழில் மட்டும் நேரும் வசதி. காசு கொடுக்காமல் கிடைத்த வேகம் என்ற அளவில் அதுவும் தவறில்லை. ஆனால் மின்சாரக் கணக்கில் அது ஓசி இல்லை. சில்லு ஓடும்போது செலவாகும் மின்திறன், துடிப்பின் வேகத்துக்கு நேர் விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் கூடும். 3.0 கிகாஹெர்ட்ஸை 3.8 ஆக்கினால் செலவு 1.27 மடங்கு. அதைத் தாங்க 1.20 வோல்ட்டை 1.35 ஆக்க வேண்டியிருந்தால் அதற்கும் 1.27 மடங்கு. இரண்டும் பெருகி 1.6 மடங்காகும். வேகம் கால்பங்கு கூடியதற்குச் செலவும் வெப்பமும் பாதிக்கு மேல் கூடுகின்றன. இதனால் செயலி பழுதானால் உத்தரவாதம் பொருந்தாது என்று ஏஎம்டி எழுதியே வைத்திருக்கிறது.

இவ்வளவு செலவும் வேலை நடக்கும்போது மட்டும் ஆகட்டும், சும்மா இருக்கும் நேரத்தில் செயலி அடங்கிக் கிடக்கட்டும் என்று எண்ணியவர்கள் கையில் எடுத்ததுதான் ‘கஸ்டம் பி-ஸ்டேட்’ முறை. இதில் ‘பி’ என்பதைப் பலரும் ‘பவர்’ என்று விரித்து, ‘மின்நிலை’ என்று தமிழாக்குகிறார்கள். அது தவறு. இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய மூன்றும் 1996இல் முதலில் வெளியிட்ட ஏசிபிஐ என்ற மின்மேலாண்மைத் தரத்தின் வழக்கில் ‘பி’ என்பது ‘பெர்ஃபார்மன்ஸ்’, அதாவது செயல்திறன். செயலி உறங்கும் ஆழத்தைக் குறிப்பவை ‘சி’ நிலைகள். செயலி விழித்து வேலை செய்யும்போது எந்த வேகத்தில், எந்த மின்னழுத்தத்தில் ஓடுகிறது என்பதைச் சொல்பவை ‘பி’ நிலைகள். குழப்பத்துக்கு நம் பாடநூல்களும் ஒரு காரணம்: தமிழ்நாட்டில் ‘பவர்’ என்பதற்கும் திறன், ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்பதற்கும் செயல்திறன். ‘பவர்’ என்பதை ‘வலு’ என்று சொல்லும் இலங்கைப் பாடநூல் வழக்கில் இந்த மயக்கம் எழுவதில்லை. நான் ‘இயக்கநிலை’ என்றும் ‘ஓய்வுநிலை’ என்றும் பிரித்து எழுதுகிறேன்.

‘கஸ்டம்’ என்பதற்கு மென்பொருள் தமிழாக்கங்களில் ‘தனிப்பயன்’ பரவியிருக்கிறது, அதுவே போதும். வன்பொருளுக்குள்ளேயே பதித்து வைக்கும் மென்பொருளான ‘ஃபர்ம்வேர்’ என்பதற்கு அச்சொல்லை 1967இல் கணினியியலாளர் ஆஷர் ஆப்லர் உருவாக்கினார். மென்மைக்கும் வன்மைக்கும் இடைப்பட்ட உறுதி என்பது அதன் கருத்து. தமிழில் வழங்கும் ‘நிலைப்பொருள்’ அக்கருத்தைப் பெரும்பாலும் காக்கிறது. ‘செயலி’தான் இப்போது இடறுகிறது. கைப்பேசி ‘ஆப்’புக்கும் நாளிதழ்கள் அதையே எழுதுவதால், இங்கே முதல் வரியில் ‘மையச் செயலி’ என்று சொல்ல நேர்ந்தது.

2017 மார்ச்சில் வந்த ரைசன் 7 1700 என்ற ஏஎம்டி செயலியில், தனிப்பயன் இயக்கநிலை முறையை நான் செய்துபார்த்தேன். எட்டுக் கருக்கள் (கோர்), 65 வாட், அடிப்படை வேகம் 3.0 கிகாஹெர்ட்ஸ், உச்சம் 3.7. நேரடியாகப் பெருக்கெண்ணைக் கூட்டி மின்னழுத்தத்தையும் ஒரே எண்ணில் நிறுத்தினால், கணினி சும்மா இருக்கும்போதும் அந்த அழுத்தம் இறங்காது. தாய்ப்பலகையின் நிலைப்பொருளில் ‘ஏஎம்டி சிபிஎஸ்’ என்ற பட்டியலுக்குள் இறங்கி, பொறுப்பு உங்களுடையதே என்ற எச்சரிக்கையை ஏற்றுக்கொண்டு, முதல் இயக்கநிலையான பி-0ஐ மட்டும் திருத்தினால், கீழே உள்ள பி-1, பி-2 நிலைகள் பழையபடியே இருக்கும். வேலை இல்லாதபோது செயலி அவற்றுக்கு இறங்கிக்கொள்ளும். எண் கூடக்கூட வேகம் குறையும் என்பது இந்தப் பெயரீட்டின் முதல் பொறி. அடிப்படை வேகத்தைத் தாண்டிய எண்ணை பி-0இல் எழுதியதும் செயலியின் சொந்த பூஸ்ட் நின்றுவிடும் என்பதையும் அறிந்தே இதில் இறங்க வேண்டும்.

அங்கே வேகத்தைக் கிகாஹெர்ட்ஸில் எழுத முடியாது. அலைவெண்ணுக்கு எஃப்ஐடி, வகுக்கும் எண்ணுக்கு டிஐடி, மின்னழுத்தத்துக்கு விஐடி என்று மூன்று கட்டங்கள். மூன்றும், பதினாறை அடியாகக் கொண்ட பதினறும எண்முறையில். எஃப்ஐடியை டிஐடியால் வகுத்து 200ஆல் பெருக்கினால் மெகாஹெர்ட்ஸ் வரும். 3800 வேண்டுமானால் 152ஐ 8ஆல் வகுக்க வேண்டும். 152க்குப் பதினறும எண் 98. எனவே கட்டத்தில் 98 என்றும் 8 என்றும் எழுதினேன். விஐடி அதைவிட வினோதமானது: 1.55 வோல்ட்டிலிருந்து, எழுதும் எண்ணை 0.00625ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். எண்ணைக் குறைத்தால் மின்னழுத்தம் ஏறும். 0 என்று விட்டால் 1.55 வோல்ட் முழுவதும் சில்லின் தலையில் இறங்கும். எனக்கு வேண்டிய 1.35க்குக் கழிக்க வேண்டியது 0.2, அதாவது 32 படி. வேகத்துக்குப் பதினறுமத்தில் கணக்குப் பார்த்த கை, இங்கே மறந்துபோய் 32 என்றே அடித்துவிட்டது. பதினறுமத்தில் அது 50 படி, கிடைத்தது 1.2375 வோல்ட். விண்டோஸ் எழும்பும் வழியிலேயே கணினி விழுந்தது, மீண்டும் எழுந்து மீண்டும் விழுந்தது, மூன்றாம் முறை திரை விழிக்கவே இல்லை. எழுதிய எண்கள் அழிந்து பழைய அமைப்பு திரும்புவதற்காக மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பலகையிலிருந்த வட்ட மின்கலத்தை நகத்தால் நெம்பி எடுத்து, சிறிது நேரம் காத்திருந்து மறுபடி பொருத்தியபோது அதன் முகத்தில் அச்சிட்டிருந்ததைப் படித்தேன்: சிஆர்2032. விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 என்பதுதான் அந்த எண்ணின் பொருள். எனக்கோ, 32ஐப் பதினறுமத்தில் 20 என்று எழுத வேண்டும் என்பதைப் பலகையே குறித்து வைத்திருந்ததாகப் பட்டது. 20 என்று எழுதியதும் ஓடியது.

இனி ‘ஓவர்’ என்பதற்குரிய தமிழ். ‘மிகு’ என்றால் கூடுதல் என்பதோடு முடிந்துவிடும். ‘உயர்’ பாராட்டாக ஒலிக்கும். ‘மிகை’ ஒன்றே அளவு கடந்தது என்ற பொருளைத் தன்னுள் வைத்திருக்கிறது. நூலுக்குரிய பத்துக் குற்றங்களை நன்னூல் எண்ணும்போது முதல் இரண்டு ‘குன்றக் கூறல்’, ‘மிகைபடக் கூறல்’. வேண்டிய அளவு ஒன்று இருக்க, அதற்குக் கீழே நிற்பது ஒன்று, மேலே போவது ஒன்று. ஓவர்கிளாக்கிங்கும் அதன் எதிர்ச்சொல்லான அண்டர்கிளாக்கிங்கும் இதே இணைதான். ஆகவே முதலாவதை ‘மிகைத்துடிப்பு’ என்றும் இரண்டாவதை ‘குன்றுதுடிப்பு’ என்றும் எழுதலாம் என்பது என் துணிபு. மிகை என்பது பெயர்ச்சொல்லாதலால் முன்னதில் ‘த்’ மிகும். குன்றுதுடிப்பு வினைத்தொகையாதலால் மிகாது.

இதற்கு ஒரு தடை உண்டு. மருத்துவ எழுத்தில் இதயம் அளவுக்கு மீறி வேகமாகத் துடிப்பதையும் மிகைத்துடிப்பு என்பதுண்டு. ‘துடிப்பேற்றம்’ என்று மாற்றிப் பார்த்தேன். ஏற்றம், இறக்கம் என்று இணை அழகாக அமைந்தாலும், தானே ஏறும் பூஸ்ட்டையும் அது சேர்த்துக் குறித்துவிடுவதால் கைவிட்டேன். இதயமும் சில்லும் ஒரே வாக்கியத்தில் வருவது அரிது. அப்படி வந்தாலும் இரண்டிலும் வெப்பத்தையும் அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளத்தான் சொல்லப்போகிறார்கள். வினையாக வேண்டும்போது ‘மிகைத்துடிப்பாக்கினேன்’ என்று இழுக்காமல், வண்டிக்குச் சொல்வதைப்போல, ‘செயலியை மிகைத்துடிப்பில் ஓட்டுகிறேன்’ என்று சொல்வது வாய்க்கு எளிது.